அரை அங்குலச் செயின் எல்லாம் ஒன்றல்ல!

கல்முனை பஸாரில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்கள் விற்று வருபவன் நான். வாப்பா சைக்கிள் திருத்தும் கடையாகத் தொடங்கியதை நான் பின்னர் உதிரிப்பாகக் கடையாக மாற்றினேன். இருபது வருடங்களுக்கு மேலாகச் செயின் விற்கின்றேன். என்றாலும், செயின் விற்பது எப்படி என்பதை நான் சரியாகக் கற்றுக்கொண்டது 2022ஆம் ஆண்டில்தான். அதுவும் ஒரு மீன் வியாபாரியின் கை முறிந்த பிறகு. வெட்கமான அந்தச் சம்பவத்தை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதே தவறை இன்றும் நமது கடைகள் பலவற்றில் காண்கின்றேன்.

அந்த வருடத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் செட்டுகளின் முன்னால் இரவு பகலாக வரிசை. ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவைத் தொட்டது. ஜூலையில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் மோட்டார் சைக்கிள் விலையும் சாதாரண வியாபாரிக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான்.

அந்த நாட்களில் வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. கால் வலுவுள்ளவர்கள் மிதித்தார்கள். மீன் பெட்டி, புடவை மூட்டை, பாண் பெட்டி என்று பாரம் கட்டிச் செல்லும் சிலர் சைக்கிளுக்குச் சின்ன எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள். சைக்கிளின் நடுச் சட்டத்தில் பூட்டும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அது. பெட்டியின் மேல் 80 சிசி என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 66 சிசி அளவானதே. எஞ்சினில் 10 பல் ஸ்புரொக்கெட், பின் சில்லில் 44 பல் ஸ்புரொக்கெட், இரண்டையும் இணைக்க ஒரு செயின். மிதிக்கும் செயின் வலப்பக்கம், எஞ்சின் செயின் இடப்பக்கம்.

அந்த மீன்காரக் காக்கா

சாய்ந்தமருதைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சுபஹுக்குப் பின் கடற்கரையில் மீன் எடுத்து, காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை வரை சென்று விற்று வருபவர். கொழும்பில் உள்ள உறவினர் மூலம் எஞ்சின் ஒன்றை எடுத்துப் பூட்டியிருந்தார். ஒரு நாள் அறுந்த செயின் துண்டொன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“தம்பி, இது சும்மா சும்மா கழருது. இப்ப அறுந்தும் போச்சு. இதவிடத் தடிப்பான செயின் ஒண்டு தாங்க.”

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆணிக்கு ஆணி அரை அங்குலம். பக்கத்திலே மோட்டார் சைக்கிளுக்குரிய 428 செயின் தொங்கிக் கொண்டிருந்தது. அதுவும் அரை அங்குலம்தான். பார்வைக்கு இரண்டு மடங்கு தடிப்பு. “இதைப் போடுங்க காக்கா, இது அறுகவே அறுகாது” என்று சொல்லி, அளவாக வெட்டிக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு நாட்களின் பின் சம்மாந்துறை வீதியில் அந்தச் செயின் ஸ்புரொக்கெட்டின் மேல் ஏறிக் கழன்று, பின் சில்லின் கம்பிகளுக்குள் புகுந்து இறுகியது. சில்லு அப்படியே நின்றுவிட்டது. மனிதர் முன்னால் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மீன் எல்லாம் வீதியில் சிந்தியது. பின்னால் வாகனம் எதுவும் வராததால் உயிர் தப்பினார்.

கையில் பிளாஸ்டருடன் கடைக்கு வந்தவர் சண்டை பிடிக்கவில்லை. செயினை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, செயின் அறுகல்ல. நீங்க தந்தது நல்ல செயின்தான். ஆனா இது என்ட பல்லுக்குரிய செயின் இல்ல.”

அவர் சொன்னதுதான் உண்மை. மருந்துச் செலவுக்கும், அவர் தொழிலுக்குப் போகாத நாட்களுக்கும் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொள்ளவே அவர் தயங்கினார். அன்றைக்கு எனக்கு உறைத்தது, இருபது வருடமாக நான் செயினைக் கண்ணால் அளந்து விற்றிருக்கின்றேன் என்பதுதான். மறுநாள் லேத் பட்டறை நடத்தும் நண்பரிடம் போய் வேணியர் இடுக்கிமானி ஒன்றை இரவல் வாங்கி, கடையில் இருந்த செயின் எல்லாவற்றையும் அளந்தேன்.

நான்கு செயின்கள், நான்கு அளவுகள்

செயினுக்கு முக்கியமான அளவுகள் மூன்று. ஒன்று, ஆணிக்கு ஆணி உள்ள தூரம். இரண்டு, உள் தகடுகளுக்கு இடையிலான அகலம். இதற்குள்தான் ஸ்புரொக்கெட்டின் பல் நுழைய வேண்டும். மூன்று, உருளையின் விட்டம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குழியில் இந்த உருளைதான் உட்கார்கின்றது. நம்மில் பலர் பார்ப்பது முதலாவது அளவை மட்டுமே.

சாதாரண மிதி சைக்கிள் செயின் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். உள் அகலம் எட்டிலொரு அங்குலம், சுமார் 3.2 மில்லிமீற்றர். உருளை 7.75 மில்லிமீற்றர்.

எஞ்சின் பெட்டியோடு வரும் செயின் 415. ஆணிக்கு ஆணி அதே அரை அங்குலம். உள் அகலம் 4.76 மில்லிமீற்றர். உருளை ஏறக்குறைய சைக்கிள் செயினுடையதே.

சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கு வரும் 420 செயினும் அரை அங்குலம்தான். உள் அகலம் 6.35 மில்லிமீற்றர். உருளை 7.77 மில்லிமீற்றர்.

நான் கொடுத்த 428 செயினும் அரை அங்குலம். ஆனால் உள் அகலம் 7.94 மில்லிமீற்றர், உருளை 8.51 மில்லிமீற்றர். தவறு நடந்தது இங்கேதான். 7.77 உருளைக்காக வெட்டப்பட்ட குழியில் 8.51 உருளை அடி வரை இறங்காது. பல்லின் தோளில் ஏறி உட்காரும். பாரம் கூடும்போது இன்னும் மேலே ஏறும். அகலமும் கூடுதலாக இருப்பதால் இரு பக்கமும் ஆடும். அப்படி ஆடிய செயின்தான் அந்த மனிதரை விழுத்தியது.

இந்த இலக்கங்களில் ஒரு கணக்கு இருக்கின்றது. அதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் இலக்கம், ஆணிக்கு ஆணி எட்டிலொரு அங்குலங்கள் எத்தனை என்பதைச் சொல்கின்றது. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம். 520, 530 போன்ற பெரிய செயின்களில் 5 என்பது எட்டில் ஐந்து அங்குலம். அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் அகலம். 15 என்றால் எட்டிலொரு அங்குலத்தின் ஒன்றரை மடங்கு. 20 என்றால் இரண்டு மடங்கு. 428இல் இந்தக் கணக்குச் சற்று இடிக்கும். அங்கே அகலம் எட்டிலொரு அங்குலத்தின் இரண்டரை மடங்கு. இலக்கத்தின் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் பக்கத் தகடு தடித்தது என்று பொருள். உருளையும் உள் அகலமும் மாறாது.

விவசாய இயந்திரச் செயின் விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அளவில் 40 என்றும் பிரிட்டிஷ் அளவில் 08பி என்றும் இரண்டு செயின்கள் உண்டு. இரண்டும் அரை அங்குலம். முன்னதன் உருளை சுமார் 7.9 மில்லிமீற்றர், பின்னதன் உருளை 8.51 மில்லிமீற்றர். ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் நெல் அறுவடைக் காலத்தில் வயலுக்குள் இயந்திரம் நின்றுவிடும்.

எஞ்சின் எவ்வளவு இழுக்கின்றது?

“எஞ்சினுக்குச் சைக்கிள் செயின் தாங்காதா?” என்று பலர் கேட்கின்றார்கள். லேத் நண்பரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வந்த விடை எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால், 48 பல் செயின் வீலுள்ள சைக்கிளில் செயினுக்கு வரும் இழுவை சுமார் 120 கிலோ. மேலே சொன்ன சின்ன எஞ்சினோ, தனது முழு வலுவையும் கொடுக்கும்போது 10 பல் ஸ்புரொக்கெட்டில் இழுப்பது 60 முதல் 80 கிலோ அளவுதான். அதாவது எஞ்சினை விட மனிதனே செயினைக் கூடுதலாக இழுக்கின்றான்! தரமான சைக்கிள் செயின் ஒன்று அறுவதற்குச் சுமார் 800 கிலோ இழுவை தேவை. 420 செயினுக்கு அது சுமார் 1,600 கிலோ. இந்தக் கணக்கின்படி பார்த்தால் எந்தச் செயினும் அறுக்கூடாது.

அப்படியானால் ஏன் அறுகின்றது?

முதலாவது காரணம் வேகம். மனிதன் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 48 பல் செயின் வீலில் நிமிடத்துக்கு 2,880 கண்ணிகள் ஓடும். எஞ்சின் 5,000 சுற்றில் ஓடும்போது, உள்ளே பல்சக்கரங்களால் வேகம் நான்கிலொன்றாகக் குறைந்த பிறகும், 10 பல் ஸ்புரொக்கெட்டில் நிமிடத்துக்குச் சுமார் 12,000 கண்ணிகள் ஓடும். நான்கு மடங்குக்கும் மேல். மனிதன் களைத்தால் நிறுத்துவான். எஞ்சின் சம்மாந்துறை போய்த் திரும்பும் வரை நிறுத்தாது.

இரண்டாவது காரணம் வளைவு. 48 பல் சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கண்ணியும் ஏழரைப் பாகை மட்டும் மடங்குகின்றது. 10 பல்லில் ஏறும்போது 36 பாகை மடங்குகின்றது. மடங்கும்போதெல்லாம் ஆணி உள்ளே உரசித் தேய்கின்றது. நாம் ‘செயின் இழுபட்டுவிட்டது’ என்கின்றோம். உண்மையில் தகடு நீள்வதில்லை. ஆணியும் அதைச் சுற்றியுள்ள குழலும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுவதைத்தான் நீளம் கூடியதாகக் காண்கின்றோம்.

மூன்றாவது காரணம் அடி. இந்த எஞ்சின்களைத் தொடக்குவதற்குச் சைக்கிளை மிதித்து ஓட்டிக்கொண்டு போய், கிளச்சைத் திடீரென விடுகின்றார்கள். அந்தக் கணத்தில் ஓடுகின்ற சைக்கிள், ஏறியிருக்கும் மனிதர், மீன் பெட்டி எல்லாவற்றின் வேகமும் நின்றிருக்கும் எஞ்சினைச் செயின் வழியாக உதைத்து எழுப்புகின்றது. தளர்ந்த செயினில் இது சுத்தியலால் அடிப்பது போன்றது. இழுவையைத் தாங்குகின்ற செயின் இந்த அடியில்தான் விரிசல் காண்கின்றது. கிளச்சை மெதுவாக விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வது, தடித்த செயின் கொடுப்பதை விடப் பயன் தரும்.

நான்காவது காரணம் நேர் இல்லாமை. பின் ஸ்புரொக்கெட்டைச் சில்லின் கம்பிகளோடு றப்பர் வைத்து இறுக்குகின்றார்கள். அது சற்று நெளிந்தாலும், எஞ்சின் ஸ்புரொக்கெட்டுக்கு நேர் வராவிட்டாலும் செயின் பக்கவாட்டில் மடியும். செயின் பக்கவாட்டில் மடிவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சைக்கிள் கடைக்காரர்களுக்குப் பெருமையான ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1903இல் முதன்முதலாக எஞ்சின் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் வலுவைக் கொண்டு சென்றது ரோலர் செயின்தான். பறப்பதற்கு முன் அவர்களைத் தொல்லைப்படுத்தியது செயின் அல்ல, தண்டில் கழன்று கழன்று வந்த ஸ்புரொக்கெட். அதைச் சைக்கிள் ரயரை றிம்மில் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி இறுக்கினார்கள். செயின் கழன்றால் செயினை மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எந்தச் செயினைக் கொடுப்பது?

என் கடையில் இப்போது பின்பற்றும் முறை இதுதான்.

415 ஸ்புரொக்கெட் என்றால் தரமான 415எச் செயின். பெட்டியோடு வந்த செயின் மெல்லியதாகவும் ஆணித்தலை சரியாகத் தட்டப்படாததாகவும் இருந்தால், அறும் வரை காத்திராமல் மாற்றச் சொல்கின்றேன்.

பாரம் கூடுதலாக ஏற்றுபவர், தினமும் தூர ஓட்டம் உள்ளவர் என்றால் இரண்டு ஸ்புரொக்கெட்டையும் சேர்த்து 420க்கு மாற்றச் சொல்கின்றேன். 420 செயின் 415 பல்லிலும் ஓடும், உருளை ஏறக்குறைய ஒன்றே என்பதால். ஆனால் பல் மெல்லியது, செயின் அகலமானது. பக்கவாட்டில் ஆட இடம் இருக்கும். அவசரத்துக்கு ஓடலாம், நிரந்தரமாக வேண்டாம். செயினின் வெளி அகலம் கூடுவதால் ரயரிலோ சட்டத்திலோ உரசுகின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

428 கொடுப்பதென்றால் ஸ்புரொக்கெட் இரண்டும் 428 ஆகவே இருக்க வேண்டும். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அவ்வளவு பாரமான செயின் தேவையும் இல்லை.

சைக்கிள் செயினை எஞ்சின் பக்கத்துக்குக் கொடுப்பதே இல்லை. 3.2 மில்லிமீற்றர் அகலத்துக்குள் 415 பல் நுழையாது. நுழைய வைப்பதற்காகப் பல்லை அராவிக்கொண்டு வருபவர்களையும் கண்டிருக்கின்றேன். அராவிய பல் சில வாரங்களில் கத்தி முனையாகிவிடும்.

இப்போது பற்றரி மோட்டார் பூட்டுபவர்களும் வருகின்றார்கள். பின் சில்லின் ஹப்புக்குள் மோட்டார் இருந்தால் அதன் வலு செயினுக்கு வராது. பழைய சைக்கிள் செயினே போதும். மிதிக்கும் இடத்தில் மோட்டார் இருந்தால் மனிதனின் இழுவையும் மோட்டாரின் இழுவையும் ஒரே செயினில் சேரும். அப்படியானவர்களுக்குப் பல கியர் சைக்கிள்களின் மெல்லிய செயினை விட, எட்டிலொரு அங்குல அகலமுள்ள ஒற்றைச் செயினே நீண்ட நாள் உழைக்கும்.

தயாரிப்பாளர் பெயரையும் இலக்கத்தையும் பெட்டியில் அல்ல, தகட்டில் பாருங்கள். தரமான செயினில் அவை தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சென்னை அம்பத்தூரில் 1960இல் அமெரிக்கக் கூட்டுடன் தொடங்கிய டயமண்ட் செயினும், கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலோன் செயினும், ஜப்பானின் டி.ஐ.டி. செயினும் பேர் பெற்றவை. பேர் பெற்ற பொருளுக்குப் போலியும் வரும். பொறிப்பு மங்கலாக, கண்ணிக்குக் கண்ணி வேறுபட்டிருந்தால் வாங்காமல் விடுவது நல்லது.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை

செயின் கேட்டு வருபவரிடம் நான் கேட்பவை நான்கு. செயினோடு ஸ்புரொக்கெட்டையும் கொண்டு வந்தீர்களா? எவ்வளவு பாரம் ஏற்றுகின்றீர்கள்? எவ்வளவு தூரம் ஓடுகின்றீர்கள்? பழைய செயின் அறுந்ததா, கழன்றதா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கழன்ற செயினுக்குப் பலமான செயின் மருந்தல்ல. நேரும் இறுக்கமும் பார்க்க வேண்டும்.

பழைய செயின் இன்னும் உழைக்குமா என்று பார்ப்பதற்கு ஓர் அடிமட்டம் போதும். அரை அங்குலச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். இழுத்துப் பிடித்து அளக்கும்போது எட்டிலொரு அங்குலம் கூடியிருந்தால் நூற்றுக்கு ஒரு வீதம் தேய்ந்துவிட்டது. அதை மாற்றிவிட வேண்டும். ஸ்புரொக்கெட்டின் பல் சுறாப் பல் போலச் சரிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால், புதுச் செயினும் விரைவில் பழையதாகிவிடும். முதலில் தேய்வது எஞ்சின் பக்கச் சின்ன ஸ்புரொக்கெட். விலையும் குறைவு. அதையாவது செயினோடு சேர்த்து விற்றுப் பழகுங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. இணைக்கும் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் போட்டால் எங்காவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அளவு தளர்வு இருக்க வேண்டும். சட்டத்தில் கவ்வும் இறுக்கும் சில்லை எஞ்சினோடு தருவார்கள். அது நழுவித் திரும்பினால் நேராகக் கம்பிக்குள் போகும். செயினை அளவாக வெட்டி, பின் சில்லைப் பின்னால் இழுத்து இறுக்கம் எடுக்க முடிந்தால் அதுவே பாதுகாப்பானது. அரைக் கண்ணி போட்டு நீளம் சரிசெய்வதையும் தவிர்க்க வேண்டும். அரைக் கண்ணி இருக்கும் இடமே செயினில் பலம் குறைந்த இடம்.

உப்புக்காற்றும் மணலும்

நமது கரையோரத்தில் செயினுக்கு இன்னொரு எதிரி உண்டு. கடற்கரையில் நிறுத்தி மீன் ஏற்றும் சைக்கிளில் மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து செயினில் விழுகின்றது. அதன் மேல் மணல் ஒட்டுகின்றது. சிலர் அதற்கு மேல் கிறீஸை அப்புகின்றார்கள். கிறீஸும் மணலும் சேர்ந்தால் அராவும் மாவுதான். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலை ஊற்றுவதும் அப்படித்தான், அதற்குள் உலோகத் தூள் இருக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

செய்ய வேண்டியது எளிது. வாரத்துக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் உருளைகளின் இடையில் புதிய மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சில்லைச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ஒயில் தேவைப்படுவது உள்ளே ஆணிக்குத்தான். வெளியே பளபளப்பதால் பயனில்லை.

வியாபாரக் கணக்கு

இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று சிலர் கேட்கலாம். என் அனுபவம் வேறு. வெட்டிக் கொடுத்த செயின் திரும்பி வந்தால் அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. பத்துச் செயினில் வந்த இலாபத்தை ஒரு செயின் தின்றுவிடும். அளந்து விற்கத் தொடங்கிய பின் திரும்பி வரும் செயின் மிகவும் குறைந்துவிட்டது. செயின், இரண்டு ஸ்புரொக்கெட், ஒரு சின்னப் போத்தல் ஒயில் என்று ஒன்றாகக் கொடுப்பதால் ஒரு வாடிக்கையாளரிடம் நடக்கும் விற்பனையும் கூடியிருக்கின்றது. இடுக்கிமானி வாங்கிய காசு எப்போதோ திரும்பிவிட்டது.

இன்னொன்று. எஞ்சின் பூட்டிய சைக்கிளை வீதியில் ஓட்டுவது சட்டப்படி வேறு விடயம். பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே பூட்டுமாறு வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் பாரத்தோடு ஓடும் சைக்கிளைப் பழைய பிறேக் கட்டைகள் நிறுத்துமா என்பதையும் பாருங்கள்.

இந்த வியாபாரத்தைச் சின்னது என்று எண்ண வேண்டாம். யுத்தத்தில் தோற்று, போக்குவரத்து முடங்கியிருந்த ஜப்பானில் 1946இல் சொய்ச்சிரோ ஹொண்டா செய்தது இதே வேலையைத்தான். இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்களை வாங்கி, சைக்கிளில் பூட்டி விற்றார். 1952இல் அவரது நிறுவனம் சைக்கிளுக்குப் பூட்டும் ‘கப்’ எஞ்சினைக் கொண்டு வந்தபோது, பங்காளியான தக்கேயோ ஃபுஜிசாவா நாடெங்கும் உள்ள பல்லாயிரம் சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதி விற்பனையாளர்களைச் சேர்த்தார். அந்த எஞ்சின்களை நாட்டுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் நம்மைப் போன்ற சைக்கிள் கடைக்காரர்களே.

மீன்காரக் காக்காவின் கை குணமாகிவிட்டது. 420 செயினும் அதற்குரிய இரண்டு ஸ்புரொக்கெட்டும் போட்டுக் கொடுத்தேன். பின்னர் ஒரு நாள் இன்னொரு மீன் வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் துண்டுச் செயினை நீட்டி, “இதவிடத் தடிப்பா ஒண்டு தாங்க” என்றார். நான் வாய் திறப்பதற்கு முன் காக்காவே சொல்லிவிட்டார்:

“தடிப்புக் கேக்காதீங்க. பல்லக் கழட்டிட்டு வாங்க, தம்பி அளந்து தருவாரு.”